கண்ணுக்குத் தெரியட்டும், காதுக்கு எட்ட வேண்டாம்

(வருமான வரி உதவி முகாம் தொடங்குவதற்கு முன், அறக்கட்டளை அலுவலகத்தில் தொண்டர்களும் குடும்பத்தாரும் கூடியிருந்தபோது செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் நம் வீட்டு அலமாரிகளிலிருந்து ஒரு பை வெளியே வரும். சில வீடுகளில் மஞ்சள் பை, சில வீடுகளில் ஜவுளிக்கடை கவர். உள்ளே பான் கார்டு ஜெராக்ஸ், வங்கிப் பாஸ்புக், கம்பெனி கொடுத்த ஃபாரம் 16, கடன் கட்டிய ரசீது, பிள்ளைகளின் பள்ளிக் கட்டண ரசீது எல்லாம் இருக்கும். பெற்ற பிள்ளைகளுக்குக்கூடக் காட்டாத தாள்கள் அவை. அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு கணக்கு போடுகிறவரைத் தேடிப் போகிறோம்.

அவரை எங்கே பார்க்கிறோம்? பெரிய ஆடிட்டர்களுக்கு அலுவலகம் இருக்கிறது, கதவு இருக்கிறது. நமக்கு ரிட்டர்ன் போட்டுத் தருகிறவர்களில் பலருக்கு அது இல்லை. பகலில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுவார். சாயங்காலம் லேப்டாப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு வருவார். டீக்கடை பெஞ்சு, ஜெராக்ஸ் கடை வாசல், பள்ளிவாசல் வராந்தா, கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டு மேசை என்று எங்கே சந்திக்கிறோமோ அங்கேயே வேலை நடக்கும். ஐந்நூறு ரூபாய்க்கு வேலை பார்க்கிறவரிடம் குளிர்சாதன அறை எங்கே என்று கேட்க முடியாது. அதனால் அவரைக் குறை சொல்வதற்காக நான் இதைப் பேச வரவில்லை. அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்ல வந்திருக்கிறேன். சொல்ல எனக்குத் தகுதி உண்டு. ஏனென்றால் அந்தத் தவற்றைச் செய்தவன் நான்.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது. நம் ஜமாஅத்தைச் சேர்ந்த ஒரு சகோதரர், ஷூ கம்பெனிக்கு அப்பர் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் செய்து வந்தார். வீட்டு மாடியில் நான்கு மெஷின், ஐந்தாறு ஆட்கள். கம்பெனி அவருக்குப் பணம் தரும்போது நூற்றுக்கு ஒரு ரூபாய் டிடிஎஸ் பிடித்துக்கொண்டு தரும். அந்த வருடம் அவருக்கு வந்த மொத்தப் பில் தொகை 19 லட்சம். டிடிஎஸ் பிடித்தது 19 ஆயிரம். ஆட்களுக்குக் கூலி, நூல், பசை, மின்சாரம், மெஷின் ரிப்பேர் எல்லாம் போகக் கையில் நின்றது 2 லட்சத்துப் 10 ஆயிரம். வரி கட்டும் வரம்புக்குள் அவர் வரவே இல்லை. ரிட்டர்ன் போட்டால் அந்த 19 ஆயிரமும் திரும்பி வரும். அவர் வீட்டுக்கு அது பெரிய தொகை.

அஸர் தொழுதுவிட்டு வெளியே வந்தோம். "பாய், பேப்பரெல்லாம் கொண்டாந்திருக்கேன், எப்ப வரட்டும்?" என்றார். "இப்பவே பாத்துடலாமே பாய்" என்று பேருந்து நிலையத்துப் பக்கம் உள்ள டீக்கடையில் உட்கார்ந்தேன். உதவி செய்கிற உற்சாகம். இரண்டு டீ சொல்லிவிட்டு, தாளைப் புரட்டி, "அடேயப்பா, 19 லட்சம் வந்திருக்கே பாய்!" என்றேன். என் குரல் உங்களுக்குத் தெரியும், மைக் தேவைப்படாத குரல். அவர் சட்டென்று வலப்பக்கமும் இடப்பக்கமும் திரும்பிப் பார்த்தார். நான் அதைக் கவனிக்காமல் அடுத்த தாளைப் புரட்டினேன்.

பக்கத்து பெஞ்சில் இருந்தவர்கள் காதில் விழுந்தது 19 லட்சம். அதற்குப் பிறகு, கூலி எவ்வளவு, செலவு எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று நான் தாழ்ந்த குரலில் கூட்டிக் கழித்தது யார் காதிலும் விழவில்லை. பொது இடத்தில் பேசும் கணக்குக்கு உள்ள ஆபத்து இதுதான். முழுக் கணக்கும் யாருக்கும் கேட்காது. பெரிய எண் ஒன்று மட்டும் கேட்கும். மொத்த வரவு வேறு, வருமானம் வேறு என்பதைப் பக்கத்து பெஞ்சுக்கு யார் போய் விளக்கிச் சொல்வது?

பத்து நாளில் அவரிடம் வேலை செய்தவர்கள், "முதலாளி, வருஷத்துக்கு 19 லட்சம் சம்பாதிக்கிறீங்களாமே" என்று கூலி உயர்வு கேட்டார்கள். வீட்டுக்காரர் அட்வான்ஸ் தொகையை ஏற்றச் சொன்னார். எல்லாவற்றிலும் வலித்தது இன்னொன்று. அவருடைய மகளுக்குப் பேசி வைத்திருந்த இடத்தில், முதலில் எதுவும் வேண்டாம் என்று சொன்னவர்களின் பேச்சு மாறியது. அந்தச் சம்பந்தம் கடைசியில் நின்று போயிற்று. கேட்டவர்கள் செய்ததும் தவறுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர்கள் கையில் அந்த எண்ணை எடுத்துக் கொடுத்தவன் நான்.

அவர் என்னிடம் ஒரு வார்த்தை கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்த ஜூனில் வரவில்லை. ஜூலையிலும் வரவில்லை. நானும் வேறு யாரிடமாவது போட்டிருப்பார் என்று இருந்துவிட்டேன். பிறகு ஒருநாள் தனியாகப் பார்த்துக் கேட்டபோதுதான் தெரிந்தது, அவர் ரிட்டர்ன் போடவே இல்லை. தாமதமாகப் போடுவதற்கான டிசம்பர் 31-ம் தாண்டிப் போயிருந்தது. அந்த வருடமும் அவருக்குப் பிடித்த டிடிஎஸ் பல ஆயிரம். "தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனு போட வழி இருக்கு பாய், நானே எழுதித் தரேன்" என்றேன். அவர் சொன்ன பதில் இன்றும் என் காதில் இருக்கிறது: "வேணாம் பாய். மறுபடியும் அந்தப் பேப்பரையெல்லாம் வெளியே எடுக்கணும்."

இதைத்தான் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். ஒருவருடைய கணக்கு வெளியே போனால் அவருக்கு மனவருத்தம் மட்டும் வருவதில்லை. அவர் உதவியிலிருந்தே விலகிப் போய்விடுகிறார். யாருக்கு அந்த ரீஃபண்ட் மிகவும் தேவையோ அவர்தான் முதலில் விலகுவார். வசதி உள்ளவர் கதவுள்ள அலுவலகத்துக்குப் போய்விடுவார். வசதி இல்லாதவர் பையை மறுபடியும் அலமாரிக்குள் வைத்துவிடுவார்.

ஒருவர் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டு அக்கம்பக்கம் திரும்பிப் பார்த்தால், அவர் சொன்னது அமானிதம் ஆகிவிடுகிறது என்ற கருத்தில் ஒரு நபிமொழி அபூதாவூத், திர்மிதீ நூல்களில் பதிவாகியிருக்கிறது. மதரஸாவில் சிறு வயதில் ஓதியதுதான். "யாரிடமும் சொல்லாதீர்கள்" என்று அவர் வாயால் கேட்க வேண்டிய அவசியமில்லை. அந்தத் திரும்பிப் பார்த்தலே போதும். டீக்கடையில் அந்தச் சகோதரர் திரும்பிப் பார்த்தார். ஓதியிருந்தும் நான் அதைப் படிக்கத் தவறினேன்.

இனி முகாமில் உட்காரப் போகும் இளைஞர்களுக்குச் சில காரியங்கள். இவை நமது முகாமுக்கு மட்டுமல்ல, வெளியில் நீங்கள் தனியாகத் தொழில் செய்யும்போதும் பொருந்தும்.

முதலாவது, இடத்தை முடிவு செய்துவிட்டுப் பையைத் திறக்கச் சொல்லுங்கள். வழியில் மறித்து யாராவது தாளை நீட்டினால் வாங்காதீர்கள். "எத்தனை மணிக்கு, எங்கே உட்காரலாம்?" என்று மட்டும் பேசுங்கள். வேறு இடமே இல்லை, டீக்கடைதான் என்றால், அங்கே கையெழுத்து வாங்கலாம், தாள்களை மூடிய கவரில் பெற்றுக்கொள்ளலாம். கணக்கைப் பேச வேண்டாம். பேசியே ஆக வேண்டிய எண் இருந்தால் தாளில் விரலை வைத்துக் காட்டுங்கள், அல்லது துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டிவிட்டு அதைக் கிழித்துவிடுங்கள். பெயரையும் தொகையையும் ஒரே மூச்சில் சொல்லாதீர்கள்.

இரண்டாவது, பான் எண்ணையும் பிறந்த தேதியையும் உரக்கக் கேட்காதீர்கள். இதற்கு ஒரு காரணம் உண்டு. வருமான வரித் துறையின் தளத்திலிருந்து ஏஐஎஸ் என்ற ஆண்டுத் தகவல் அறிக்கையை பிடிஎஃப் ஆக இறக்கினால், அதற்குக் கடவுச்சொல் கேட்கும். அந்தக் கடவுச்சொல் வேறொன்றும் இல்லை. சிறிய ஆங்கில எழுத்துகளில் பான் எண், அதை அடுத்துப் பிறந்த தேதி. ரிட்டர்ன் போட்டதற்கான ஒப்புகைச் சீட்டும் அப்படித்தான் திறக்கும். ஒருவர் வங்கியில் வாங்கிய வட்டி, விற்ற நிலம், பெற்ற வாடகை, செய்த முதலீடு எல்லாம் அந்த ஏஐஎஸ் தாளில் இருக்கும். ஜெராக்ஸ் கடை வாசலில் நின்று, "பான் நம்பர் சொல்லுங்க, டேட் ஆஃப் பர்த் சொல்லுங்க" என்று கத்துவது, பூட்டையும் சாவியையும் சேர்த்துத் தெருவில் வைப்பதற்குச் சமம். அந்தக் கடைக் கம்ப்யூட்டரிலேயே கோப்பை இறக்கி, அழிக்காமல் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

மூன்றாவது, ஓடிபி. ரிட்டர்ன் அனுப்பிய 30 நாட்களுக்குள் அதை உறுதி செய்ய வேண்டும். ஆதார் ஓடிபி மூலம் செய்வதுதான் வழக்கம். பல பேர் கிளையண்ட்டுக்குப் போன் போட்டு, அவர் பேருந்தில் இருந்தாலும் கடையில் இருந்தாலும், "நம்பர் வந்திருக்கும், சத்தமா சொல்லுங்க" என்கிறார்கள். ஆதார் ஓடிபியைக் கூட்டத்தின் நடுவே சொல்லப் பழக்கிவிட்டால், நாளை வங்கி அதிகாரி என்று பொய் சொல்லிக் கேட்பவனுக்கும் அதே பழக்கத்தில் சொல்லிவிடுவார்கள். அவர் உங்கள் எதிரில் இருக்கும்போதே, அவர் கையாலேயே அந்த எண்ணைத் தட்டச் சொல்லுங்கள். தளத்தில் அவருடைய கைப்பேசி எண்ணையே பதியுங்கள். வசதிக்காக உங்கள் எண்ணைப் போட்டுவிட்டால், அவர் கணக்கின் சாவி உங்கள் பையில் வந்துவிடுகிறது.

நான்காவது, லேப்டாப். சுவரில் முதுகைச் சாய்த்து உட்காருங்கள். உங்களுக்குப் பின்னால் யாரும் நடக்கக் கூடாது. ஹோட்டலிலும் ரயில் நிலையத்திலும் கிடைக்கும் இலவச வைஃபை வேண்டாம். உங்கள் கைப்பேசியின் இணையத்தைப் பயன்படுத்துங்கள். பாங்கு சொன்னதும் எழுந்து ஒளு செய்யப் போகிறோம். அது நல்ல காரியம். ஆனால் திரை திறந்தபடி, தாள்கள் வராந்தாவில் காற்றில் பறந்தபடி கிடக்கும். எழுந்திருக்கும் முன் திரையைப் பூட்டுங்கள், தாள்களைப் பைக்குள் போடுங்கள், பையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். இரண்டு நிமிடம் ஆகாது.

ஐந்தாவது, வேலை முடிந்த பிறகு. கல்யாணத்தில் ஒருவரைப் பார்க்கிறீர்கள். "பாய், ரீஃபண்ட் வந்துருச்சா?" என்று அன்போடு விசாரிக்கிறீர்கள். அவர் உங்களிடம் ரிட்டர்ன் போட்டார் என்பதையே சுற்றியிருப்பவர்களுக்குச் சொல்லிவிட்டீர்கள். சலாம் சொல்லுங்கள், குடும்பத்தை விசாரியுங்கள், பிரியாணி நன்றாக இருக்கிறதா என்று கேளுங்கள். ரீஃபண்ட் பேச்சை அவர் தொடங்கினால், "நாளைக்குப் போன் பண்றேன்" என்று முடித்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த பான் கார்டுப் படங்களை வேலை முடிந்ததும் நீக்குங்கள். தவறாக அச்சான தாளைக் கிழித்துப் போடுங்கள். பின்பக்கம் வெறுமையாக இருக்கிறதே என்று பிள்ளைகளுக்குக் கணக்குப் போடக் கொடுக்காதீர்கள்.

பெண்கள் விஷயத்தில் தனியாகச் சொல்ல வேண்டியது உண்டு. கணவரை இழந்தவர்கள், தையல் வேலை செய்பவர்கள், வாடகை வாங்குபவர்கள் என்று பல சகோதரிகள் வருவார்கள். அந்நிய ஆணோடு மூடிய அறையில் அவர்கள் உட்கார முடியாது. அதற்காக நடுக் கூடத்தில் உட்கார வைத்து எல்லோர் முன்னிலையிலும் கணக்குக் கேட்பதும் சரியாகாது. இதற்கு நாம் வைத்திருக்கும் வழி: கதவு திறந்திருக்கும், மேசை அறையின் கடைசியில் இருக்கும், மற்றவர்கள் முன் கூடத்தில் காத்திருப்பார்கள். கண்ணுக்குத் தெரியும், காதுக்கு எட்டாது. பி.காம். படிக்கும் நம் பெண் தொண்டர்கள் அவர்களுக்கு உதவுவார்கள்.

துணைக்கு வந்தவர் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தம்பியோ, கொழுந்தனோ, மருமகனோ கூட வந்திருப்பார். கூட வந்தார் என்பதாலேயே கணக்கைக் கேட்கும் உரிமை அவருக்கு வந்துவிடாது. "இவங்க இருக்கும்போதே பேசலாமாம்மா, இல்லை அவங்க வெளியே இருக்கட்டுமா?" என்று அவர் முன்னிலையில் கேட்டால், அந்தச் சகோதரியால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. அதனால் துணைக்கு வந்த எல்லோரையும் முதலில் முன் கூடத்திலேயே உட்கார வைப்போம். அந்தச் சகோதரி தானாகக் கூப்பிட்டால் உள்ளே வரட்டும். முகாமின் விதி இது என்று நம் மேல் பழியைப் போட்டுக்கொள்ளட்டும். நமக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

குடும்பத்தாருக்கும் ஒரு வார்த்தை. கணக்கு போடுகிறவரிடம் நீங்களே சொல்லலாம்: "இங்க வேணாம் தம்பி, வீட்டுக்கு வாங்க" அல்லது "அறக்கட்டளை ஆபீஸ்ல உட்காரலாம்." அப்படிச் சொல்வது அவரை அவமதிப்பது ஆகாது. நாமும் அடுத்தவர் மேசைப் பக்கம் காதை நீட்டக் கூடாது. ஒருவர் பையோடு உட்கார்ந்திருந்தால் சற்றுத் தள்ளி உட்காருவோம். தற்செயலாக ஓர் எண் காதில் விழுந்தாலும் அது அங்கேயே முடியட்டும். அந்த எண்ணுக்குப் பின்னால் எத்தனை ஆட்களின் கூலி இருக்கிறது, எவ்வளவு கடன் இருக்கிறது என்று நமக்குத் தெரியாது.

சட்டமும் இதையே சொல்கிறது. 1949-ம் ஆண்டின் பட்டயக் கணக்காளர் சட்டப்படி, தொழிலில் தெரிந்துகொண்ட செய்தியைக் கிளையண்ட்டின் சம்மதமின்றி வெளியிடும் ஆடிட்டர், சட்டம் அதைக் கட்டாயமாக்கிய இடம் தவிர மற்றபடி, தொழில் ஒழுக்கம் தவறியவர் ஆகிறார். அமெரிக்காவில் ரிட்டர்ன் தயாரிப்பவர் தெரிந்தோ, விளைவைப் பொருட்படுத்தாமலோ கிளையண்ட்டின் செய்தியை வெளியிட்டால் சிறைத் தண்டனை வரை போகும். அவர்களுடைய வரிச் சட்டத்தின் 7216-ம் பிரிவு அது. நமது தொண்டர்கள் பட்டயக் கணக்காளர்கள் அல்ல. ஆனால் மேசைக்கு எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த வேறுபாடு கிடையாது. அவர் நீட்டுவது அதே பை.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கணக்கை இரகசியமாக வைப்பது வேறு, பொய்க் கணக்கு எழுதுவது வேறு. வாடகை வரவை மறைத்துவிடுங்கள், போடாத நன்கொடைக்கு ரசீது போடுங்கள் என்று யாராவது கேட்டால், அதைச் செய்யாதீர்கள். மறுத்துவிட்டு, அவர் அப்படிக் கேட்டார் என்பதையும் வெளியே சொல்லாதீர்கள்.

கடைசியாக, அறக்கட்டளையைப் பற்றி. முகாமில் உட்காரும்போது யாருக்கு எவ்வளவு வருகிறது என்று உங்களுக்குத் தெரியவரும். நாங்கள் நன்கொடை திரட்டுகிறவர்கள். ரமளானில் யாரிடம் போய் எவ்வளவு கேட்கலாம் என்று யோசிக்கிறவர்கள். "அந்தக் கடைக்காரர் இவ்வளவு சம்பாதிக்கிறாராமே, ஜகாத் இவ்வளவுதான் தந்தார்" என்ற பேச்சு இந்த முகாமிலிருந்து ஒரு முறை கிளம்பினாலும் போதும், அதோடு முகாமும் முடிந்தது, அறக்கட்டளையின் பெயரும் முடிந்தது. அதேபோல, உதவித்தொகைக்கு மனு போட்டவரின் ரிட்டர்னை மனுவோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் கூடாது. ரிட்டர்ன் போடுவதற்காகக் கொடுத்த தாள், ரிட்டர்னுக்கு மட்டுமே. எனவே இந்த மேசைக்கும் அறக்கட்டளையின் மற்ற வேலைகளுக்கும் நடுவே ஒரு சுவர் இருக்கும். தலைவர் கேட்டாலும், பொருளாளர் கேட்டாலும், செயலாளராகிய நானே வந்து கேட்டாலும் சொல்லாதீர்கள். நான் கேட்டால், இந்த உரையை எனக்கு ஞாபகப்படுத்துங்கள்.

முகாமில் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டோம், டோக்கன் எண்தான். பதிவேட்டில் தொகை எழுத மாட்டோம். தாள்களை அன்றே திருப்பிக் கொடுத்துவிடுவோம். வழக்கமாக நமது இதழில் முகாம் படங்கள் வரும். இந்த முறை மேசைக்கு எதிரில் உட்கார்ந்தவர்களின் படம் ஒன்றுகூட வராது. வெறும் மேசையும் நாற்காலியும் உள்ள படத்தைப் போடச் சொல்லியிருக்கிறேன். இதழ் பார்க்க அழகாக இருக்காது என்று தம்பிமார்கள் சொன்னார்கள். பரவாயில்லை.

அந்தச் சகோதரரைப் போன வாரம் வீட்டில் போய்ப் பார்த்தேன். நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். முகாமின் ஏற்பாடுகளைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பாய், அந்த ரூம்ல ஃபேன் இருக்கா?" என்று மட்டும் கேட்டார். இருக்கிறது என்றேன். "அப்ப அதை வேகமா வைங்க, பேசுறது வெளிய கேக்காது" என்றார்.

வருகிறேன் என்று அவர் சொல்லவில்லை. வருவார் என்று நினைக்கிறேன், இன்ஷா அல்லாஹ். அவர் வந்தால், இந்த முறை நான் அந்த மேசையில் உட்கார மாட்டேன். முன் கூடத்தில் காத்திருப்பவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருப்பேன்.

நம்மிடம் ஒப்படைக்கப்பட்டதைக் காப்பாற்றும் வலிமையை அல்லாஹ் நம் எல்லோருக்கும் தருவானாக.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.